வேப்பங்கதவின் சம்மதம்

என் புருஷன் கதவாகிவிட்டான். நான் வேலைக்குப் போகக் கூடாது என்று ஒருநாள் காலையில் வாசலை மறித்து நின்றான். ஒரு கை இந்தச் சுவரில், ஒரு கை அந்தச் சுவரில். சோறு வேண்டாம் என்றான். தண்ணீர் வேண்டாம் என்றான். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் தொட்டுப் பார்த்தேன். மரம்.

அதுவரை எங்கள் வீட்டுக்குக் கதவு கிடையாது. சாக்குப் படுதாதான். தெருவில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். தேக்கா என்று கேட்டார்கள். வேம்பு என்றேன். வேம்பும் நல்லதுதான், கரையான் ஏறாது என்றார்கள். மாமியார் மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தாள். சின்னப் பிள்ளையிலிருந்தே தணிகாசலத்துக்கு ஒரே இடத்தில் நிற்கிற குணம் உண்டு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு திறக்கவே இல்லை. நிலையும் இல்லை, கீலும் இல்லை. இரண்டு சுவருக்கும் நடுவில் இறுக்கமாக நின்றது. பின்சுவரில் சில கற்களைப் பிடுங்கி ஓட்டை போட்டேன். நானும் மூன்று பெண்பிள்ளைகளும் அந்த வழியாகப் புழங்கினோம். நான் சித்தாள். குனிந்து போவதும் குனிந்து வருவதும் எனக்குப் பழக்கம்.

மரமாவதற்கு முன்னால் அவன் செய்துவிட்டுப் போனது என் வயிற்றில் நின்றது. நாலாவது.

மூன்றாவது பிரசவத்தில் எனக்கு உதிரம் நிற்கவில்லை. இன்னொன்று வந்தால் நீ தங்க மாட்டாய் என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா அப்போதே சொல்லியிருந்தார். அப்படியென்றால் இன்றைக்கே குடும்பக் கட்டுப்பாடு பண்ணிவிடுங்கள் என்று படுத்தபடியே கேட்டேன். புருஷனைக் கேட்க வேண்டும் என்றார்கள். புருஷன் சாராயக் கடையில் இருந்தான். கடை மூடுவதற்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போதும் அதே டாக்டரம்மாதான். வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"இதைக் கலைக்கணும் பூங்காவனம். இல்லன்னா நீ செத்துடுவ."

கலைத்துவிடுங்கள் என்றேன்.

"உன் வீட்டுக்காரர் வரணுமே."

அவர் கதவாகிவிட்டார் என்றேன். டாக்டரம்மா அதை ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. கதவானாலும் வீட்டுக்காரர் வீட்டுக்காரர்தான், கூட்டிக்கொண்டு வா என்றார்.

சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்ட எழுத்து, மெதுவாகத்தான் வரும். பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதமே போதும் என்று எழுதியிருந்தது. நர்சம்மாவிடம் காட்டினேன்.

"அது போர்டும்மா" என்றார்.

வெள்ளையடிக்கும்போது கழற்றி வைப்பார்களாம். அடித்து முடித்ததும் துடைத்து அதே ஆணியில் மாட்டுவார்களாம். இதுவரை ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்று நர்சம்மா பெருமையாகச் சொன்னார். பிறகு, நேரத்தோடு வரும்படி சொன்னார். வராந்தா எங்கே முடிகிறதோ அங்கே சட்டமும் முடிந்துவிடுமாம். அதைத் தாண்டினால் யார் சம்மதமும் செல்லாதாம்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தா நடந்தால் நீளும். நடக்க நடக்க வயிறும் வளரும். அங்கே வருகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். அதனால் கர்ப்பிணிகள் சுவரில் சாய்ந்து அசையாமல் நிற்பார்கள்.

வீட்டுக்கு வந்து கடப்பாரையால் நெம்பிக் கதவை எடுத்தேன். சும்மாடு கட்டித் தலையில் ஏற்றினேன். ஜல்லி சுமக்கிற தலைக்குக் கதவு பெரிய பாரமில்லை. முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. அவன் தலை அந்தப் பக்கம் இருந்திருக்கும்.

பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டுக் கதவைப் பார்த்தார். பொம்பளைகளுக்கு இலவசம், கதவு ஆம்பளை, அதற்கு டிக்கெட் எடு என்றார். எடுத்தேன். டிக்கெட் எடுத்த பிறகு இரண்டு பேர் எழுந்து கதவுக்கு இடம் கொடுத்தார்கள். நான் நின்றுகொண்டு வந்தேன்.

டாக்டரம்மா கதவைச் சுவரில் சாய்த்து வைக்கச் சொன்னார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"சார், உங்க சம்சாரத்துக்குக் கலைக்கறதுல உங்களுக்குச் சம்மதமா?"

கதவு பேசவில்லை. நர்சம்மா காதை வைத்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். புருஷன் பேசாவிட்டால் மறுக்கிறான் என்றுதான் இங்கே வழக்கம் என்றார். எனக்கு அழுகை வரவில்லை. இடுப்பு மட்டும் வலித்தது.

டாக்டரம்மா கொஞ்சம் இறங்கி வந்தார். பேசாவிட்டாலும் பரவாயில்லை, திறந்து காட்டினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்றார். சாத்திய கதவு மறுப்பு. திறந்த கதவு சம்மதம். சுவரில் சாய்த்து வைத்த கதவு இரண்டிலும் சேர்த்தியில்லை. வீட்டில் நிலை வைத்து மாட்டிவிட்டுச் சொல்லி அனுப்பு, ஆள் வந்து பார்ப்பார்கள் என்றார்.

வெளியே வரும்போது வராந்தா கொஞ்சம் நீண்டிருந்தது. பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டினேன்.

நிலை வைப்பது எங்கள் மேஸ்திரிக்குத் தண்ணீர்பட்ட பாடு. சடையன் மேஸ்திரி என்று பேர். கூப்பிட்டேன். வந்தார். வாசலை அளந்தார். மட்டம் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். மட்டப்பலகையைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வயித்துப் புள்ளக்காரி இருக்கற வூட்டுல நெலை வெக்கக் கூடாது. தெரியாதா உனக்கு?"

எனக்குத் தெரியும். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ஒரு வாத்தியார் வீட்டில் மருமகள் முழுகாமல் இருந்தாள் என்று, நிலையைச் சாக்கில் சுற்றி மாசக்கணக்கில் படுக்கப்போட்டிருந்தோம். நான்தான் அதற்குத் தினமும் தண்ணீர் தெளித்தேன்.

"மொதல்ல கலைச்சிட்டு வா பூங்காவனம். அன்னிக்கே வெச்சுத் தர்றேன்."

கலைப்பதற்குத்தான் நிலை வைக்கச் சொல்கிறேன் என்றேன். மேஸ்திரி யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. பீடி பற்ற வைத்து, அது அணைகிறவரைக்கும் யோசித்தார். கடைசியில் ஒரு வழி சொன்னார். கோர்ட்டில் தீர்த்துவிட்டால் இந்தக் கதவு யாரோ, நீ யாரோ. யாரோ ஒருத்தி முழுகாமல் இருப்பதால் யாரோ ஒருத்தருடைய கதவுக்குத் தோஷமில்லை.

மறுபடி சும்மாடு கட்டினேன்.

கோர்ட்டில் டவாலி என் புருஷன் பேரை மூன்று தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை நான் கதவைத் தூக்கி நிறுத்தினேன். ஆஜர் என்று சொல்லிக்கொண்டார். ஜட்ஜம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முதலில் இரண்டு பேரும் மனசு விட்டுப் பேசிப் பாருங்கள் என்று அனுப்பினார்.

அதற்கென்று ஓர் அறை இருந்தது. நாற்காலி ஒன்று. கதவை அதில் சாய்த்துவிட்டு நான் தரையில் உட்கார்ந்தேன். பேசச் சொன்னார்களே என்று பேசினேன். பிள்ளைகள் பட்டினி கிடந்தது, என் தோட்டை அவன் எடுத்துப் போனது, கான்கிரீட் போட்ட அன்று கால் வெந்து நான் வந்தபோது அவன் மீன் இல்லையா என்று கேட்டது, எல்லாம். கதவு கேட்டுக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து அவன் அவ்வளவு நேரம் என் பேச்சைக் கேட்டதில்லை.

சமரசம் பண்ணிவைக்கிற ஓர் அம்மா இதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல முன்னேற்றம் என்று ஜட்ஜம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

"சேர்ந்து வாழ விருப்பமா?" என்று ஜட்ஜம்மா கதவைக் கேட்டார்.

கதவு பேசவில்லை. புருஷன் பேசாவிட்டால் விரும்புகிறான் என்று இங்கே வழக்கமாம். ஆஸ்பத்திரியில் வேறு மாதிரி வைத்திருக்கிறார்கள் என்றேன். அது சுகாதாரத் துறை என்றார்.

நான் விருப்பமில்லை என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். ஜட்ஜம்மா அதைக் கோபம் என்று குறித்துக்கொண்டார். கோபம் தணியும், கதவை வீட்டில் மாட்டி, அந்தக் கதவுக்குள் நீ வாழ வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

"அம்மா, எனக்கு வயிறு வளந்துக்கிட்டே போவுது. பொறந்தா நான் செத்துடுவேன்னு சொல்றாங்க."

"வயித்து விஷயத்துக்கு வேற கோர்ட்டு."

அது எங்கே என்று கேட்டேன். பக்கத்துக் கட்டடம் என்று கையைக் காட்டினார். எனக்கு அந்தக் கட்டடத்தைத் தெரியும். அதற்குச் செங்கல் சுமந்தது நாங்கள்தான். கம்பி கட்டினதோடு நிற்கிறது. படிக்கட்டு மேலே போய் வானத்தில் முடிகிறது. ஆனாலும் சில பெண்கள் அந்தப் படியில் உட்கார்ந்து வாய்தாவுக்குக் காத்திருந்தார்கள். ஒருத்தி பிள்ளைக்குப் பல் முளைத்திருந்தது. இந்தப் பிள்ளை விஷயமாகத்தான் வந்தேன், இப்போது அதுவும் கூட வருகிறது என்றாள்.

கோர்ட் உத்தரவைச் சொன்னதும் சடையன் மேஸ்திரி கும்பிடு போட்டார். கோர்ட்டே வந்து நிலை வைக்கட்டும், நாளைக்குச் சுவர் சாய்ந்தால் ஊர் என்னைத்தான் கேட்கும் என்றார். அவர் போகும்போது கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல உருப்படி, வீணாகிறது என்றார். என்னைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

அதற்குள் சேலைக்கு மேலேயே வயிறு தெரிந்தது. சூப்பர்வைசர் என்னைத் தளத்துக்கு ஏற வேண்டாம் என்று கீழே நிறுத்திவிட்டார். இன்னும் கொஞ்சம் தெரிந்தால் கீழேயும் நிற்க வேண்டாம் என்பார். பெரியவள் ராத்திரியில் எழுந்து என் மூக்கில் கை வைத்துப் பார்க்கிறாள். மூச்சு வருகிறது என்று தெரிந்ததும் படுத்துக்கொள்கிறாள். நான் தூங்குகிற மாதிரி இருப்பேன்.

கதவை மறுபடி ஆஸ்பத்திரிக்கே எடுத்துப் போவது என்று முடிவு செய்தேன். இந்தத் தடவை தனியாகத் தூக்க முடியவில்லை. கூட வேலை செய்கிற ரெஜினாவும் குப்பம்மாவும் இன்னும் இரண்டு பேரும் அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். மூலைக்கு ஒருத்தியாகப் பிடித்தார்கள்.

"மனுசனா இருந்தப்பவும் நாலு பேருதான் தூக்கிட்டு வருவோம்" என்றாள் ரெஜினா. "அப்ப இதைவிட கனம்."

குப்பம்மா சிரித்ததில் அவள் மூலை தாழ்ந்தது.

வராந்தாவில் கால் வைத்தோம். டாக்டரம்மாவின் அறை தெரிந்தது. நடந்தோம். அறை தள்ளிப் போனது. வேகமாக நடந்தோம். அதுவும் வேகமாகப் போனது. ஒவ்வொரு ஜன்னலைத் தாண்டும்போதும் என் வயிறு ஒரு சுற்றுப் பெருத்தது. ஜாக்கெட் ஊக்கு தெறித்தது. தூரத்தில் வராந்தா முடிகிற சுவர் தெரிந்தது. அந்தச் சுவரோரம் ஒரு வாட்ச்மேன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தாண்டி வருகிறவர்களுக்காகத் தொட்டில் கட்டிக்கொண்டிருந்தார்.

என் காலோடு ஏதோ வழிந்தது. பார்த்தேன். ரத்தம். கொஞ்சம்தான். உட்கார்ந்துவிட்டேன்.

ரெஜினா கதவை இறக்கச் சொன்னாள். என்னையும் வராந்தாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நடந்தாத்தான வளருது? நீ நடக்காத. இதும்மேல படு."

புருஷன் மேல் கால் படுமே என்று குப்பம்மா தயங்கினாள். ரெஜினா அவளை ஒரு பார்வை பார்த்தாள். நான் படுத்தேன். முதுகுக்கு வேம்பு சில்லென்று இருந்தது. நாலு பேரும் மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். கான்கிரீட் போடுகிற அன்று எப்படிச் சட்டி கைமாறுமோ அந்த வேகத்தில் போனார்கள். வயிறு வளரவில்லை. அறையும் நகரவில்லை. எங்கே ஓடுவது என்று தெரியாத மாதிரி அது அப்படியே நின்றது.

உள்ளே கொண்டுபோய் மேசைமேல் கதவோடு இறக்கினார்கள்.

டாக்டரம்மா என் வயிற்றில் கை வைத்தார். கண்ணை வாசல் பக்கம் ஓட்டினார்.

"வீட்டுக்காரர் வந்திருக்காரா?"

"அடியில இருக்காரு" என்றாள் ரெஜினா.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். திருப்தியானார். ஆனால் கதவு திறக்கவில்லையே என்றார். படுத்திருக்கிற கதவை எப்படித் திறப்பது என்று குப்பம்மா கேட்டாள். அதற்கு விதி இல்லை என்று நர்சம்மா சொன்னார். மேசைக்கு அடியில் ஒரு சொட்டு விழுந்தது. எல்லாரும் அந்தச் சொட்டைப் பார்த்தார்கள்.

"கடைசியா ஒரு தடவ கேக்கறேன். சார், சம்மதமா?"

வேப்பம்பலகை எனக்குக் கீழே இறுகிக் கிடந்தது. நான் இடுப்பை இடது பக்கம் அசைத்தேன்.

கதவு கிரீச் என்றது.

டாக்டரம்மா நிமிர்ந்தார். நர்சம்மாவைப் பார்த்தார். நர்சம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். நான் இன்னொரு தடவை அசைத்தேன். இந்தத் தடவை வலித்தது. கதவு நீளமாகக் கிரீச்சிட்டது.

"ம்ம்-ங்கறாரு டாக்டர்."

"நல்லாக் கேட்டுதா?"

"தெளிவாச் சொல்றாரு."

அவரே வாயால் சொன்ன பிறகு திறக்கத் தேவையில்லை என்று டாக்டரம்மா சொன்னார். இவ்வளவு தன்மையான மனுஷனை வைத்துக்கொண்டு ஏன் இத்தனை நாள் இழுத்தடித்தாய் என்று என்னைக் கடிந்துகொண்டார். கையுறையைப் போட்டுக்கொண்டார். கையோடு குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிவிடட்டுமா என்று கதவிடம் கேட்டார். நான் வலது பக்கம் அசைத்தேன்.

விளக்கைப் போட்டார்கள். ரெஜினாவையும் மற்றவர்களையும் வெளியே நிற்கச் சொன்னார்கள்.

வெளியே சுவரில் சாய்ந்து அசையாமல் நின்ற ஒருத்தி, கதவு எப்போது காலியாகும் என்று கேட்பது எனக்குக் கேட்டது. உன் புருஷன் எங்கே என்று ரெஜினா கேட்டாள். அவன் இன்னும் மனுஷனாகவே இருக்கிறான், அதனால்தான் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை என்றாள் அவள்.