கருவாட்டுக் கொட்டகைப் புழுக்கள்

குமரிக் கரையின் துப்பறியும் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்படவேண்டிய வெள்ளிக்கிழமை காலை அது. ஒரு ஜாம் பாட்டிலுக்குள் உண்மையைப் பிடித்து அடைத்துவிட்டதாக இன்ஸ்பெக்டர் முருகதாஸ் அறிவித்தார்.

பாட்டிலில் இருந்தவை பச்சை ஈயின் கூட்டுப்புழுக்கள். கல்லூரியில் பூச்சியியல் நடத்தும் ஜாஸ்பின் அதைக் கையில் வாங்கினாள். மண்டைக்காட்டுக்குப் பக்கத்துக் கடற்கரையில் கருவாட்டுக் கொட்டகை. உள்ளே வியாபாரி மரியஜான் மண்டை உடைந்து கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் படகுக்கார ஸ்டெனியோடு அவர் சண்டை போட்டதை ஊரே பார்த்தது. அதற்குப் பிறகு அவர் யார் கண்ணிலும் படவில்லை.

"முட்டை புழுவாகி, புழு கூடாக அஞ்சு நாளு. நானும் புஸ்தகம் படிச்சாச்சு மேடம். ஞாயிறு. ஸ்டெனி. நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும். பதினோரு மணிக்குப் பத்திரிகைக்காரங்க வாறாங்க."

வாசலில் ஸ்டெனியின் மனைவி ஷைஜா போலீஸ்காரரின் கையைத் தட்டிவிட்டாள். "டீச்சரே, எனக்க மாப்பிள திங்கக்கிழம வெளுப்பிலே கடலுக்குப் போயி, இப்பத்தான் கரையேறினாரு. ஈரத்துணியோட வெலங்கு போட்டாவ. ஈ சொல்லிச்சுன்னு மனுசன உள்ள தள்ளுவாவளா?"

ஐந்து நாள் கணக்கில் பிழையில்லை. ஜாஸ்பின் பாட்டிலைச் சாய்த்தாள். கூடுகளோடு உப்புக் கற்களும் உருண்டன.

"இத எங்கேருந்து எடுத்தீங்க சார்?"

முருகதாஸ் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே வாசலோரத்துச் சாக்கைக் காட்டினார். "பாடி கிட்ட போக முடியல்ல. என்னா நாத்தம்!"

சாக்கில் நெத்திலிக் கருவாடு. உப்பு போதவில்லை என்றால் அதிலும் பச்சை ஈ முட்டையிடும். செத்தது மீனா, வியாபாரியா என்று அது விசாரிப்பதில்லை.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மரியஜான் அருகே மண்டியிட்டாள். காயத்தில் இருந்தவை சின்னப் புழுக்கள். ஒன்றை எடுத்து லென்ஸுக்கடியில் பிடித்தாள். பின்முனையின் மூச்சுத் துளைகளில் இரண்டிரண்டு கீறல். இன்னொன்று, அதிலும் இரண்டுதான். வளர்ந்த புழுவென்றால் மூன்று இருக்கும்.

"ஒன்றரை நாள்தான் சார். புதன்கிழமைக்கு முந்திப் போகாது. அப்ப ஸ்டெனி நடுக்கடல்ல."

முருகதாஸ் வாட்சைப் பார்த்தார். பத்து இருபது.

"உறுதியா சொல்லுதியளா?"

"எழுதியே தாறேன்."

எழுதினாள். வெளியே ஸ்டெனியின் விலங்கு கழன்றது. ஷைஜா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அறிவியல் வென்றது என்று ஜாஸ்பினுக்கே ஒரு நிமிடம் தோன்றியது.

பத்தேமுக்காலுக்கு, புதன்கிழமை கரையில் இருந்த குற்றத்துக்காக, ஸ்டெனியின் தம்பி எட்சனைப் பிடித்தார்கள்.