நாய்க்கடியும் நேயர் கேள்வியும்

சிபாட்டா நகர வானொலியில் புதன்கிழமை காலை பத்து மணி என்றால் அது ஜெலிபாவின் நேரம். சட்ட உதவி மையத்தில் பதினோரு வருடமாக வேலை பார்ப்பவள். வேலித் தகராறு, வீட்டைக் காலி செய்ய மறுப்பவர், ஓடிப்போன மாப்பிள்ளை என்று எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பாள். அந்த வாரம் நாய்க்கடி. முதல் பத்து நிமிடம் அவளே பேசினாள். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால்மணி நேரம் கழுவ வேண்டும். சாம்பல், மூலிகை எதையும் அப்பக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி, பிறகு போலீஸ், பிறகுதான் நாயின் சொந்தக்காரரோடு பேச்சு.

மூன்றாவதாகப் போனில் வந்தவர் யோபெ சகாலா. தண்ணீர் ஆபீசுக்காக வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பவர்.

"அம்மா, நேத்து காலைல ஒரு நாய் என் கெண்டைக்காலைப் புடிச்சிருச்சு."

"கழுவினீங்களா ஐயா?"

"கழுவி, ஒரு ஊசியும் போட்டாச்சு. வலி கொறஞ்சிருச்சு, சந்தேகம்தான் போகல. கேட்ல 'நாய் ஜாக்கிரதை'ன்னு போர்டு இருந்துச்சு. அப்படின்னா தப்பு என்னுதா?"

"போர்டு எழுதி மாட்டிட்டா கடிச்சுக்கலாம்னு அர்த்தமில்ல. நீங்க வேலையா போனவரு, சுவரேறிக் குதிக்கல. கேட்டைத் தட்டினீங்கல்ல?"

"தட்டினேன். வீட்டுக்காரர் 'வாங்க'ன்னாரு. வந்தது அவரில்ல, அது. அவரும் பாவம், பின்னாடியே ஓடி வந்து 'சியானி, சியானி'ன்னு கத்தினாரு. என்னை விடச் சொல்றாராக்கும்னு நெனச்சேன். அவரு கத்தக் கத்த அது வாலை ஆட்டிக்கிட்டு இன்னும் நல்லாக் கடிக்குது. அப்புறம்தான் தெரிஞ்சுது, 'விட்டுருங்க'ங்கறதுதான் அந்த நாயோட பேரே."

ஜெலிபாவின் கையிலிருந்த பேனா நின்றது.

அந்தப் பக்கத்தில் நாய்க்குப் பெயர் வைப்பதே பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழத்தான். தன் குடும்பத்தைப் பற்றி வம்பு பேசியவர்களுக்கு உறைக்கட்டும் என்று அவள் கணவன் லசாலோ தேடி வைத்த பெயர் சியானி; அவர்கள் மொழியில் 'விட்டுவிடுங்கள்' என்று அர்த்தம். வேலியைப் பார்த்து நாளைக்கு இருபது தடவை கூப்பிடுவான். நேற்று மாலை அவள் சொல்லாமலே அவன் வந்து பாத்திரம் கழுவியது ஏன் என்று அவளுக்கு இப்போது விளங்கியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த ஒலிப்பதிவுக்காரன் டாலிட்சோ, பாட்டுப் போடட்டுமா என்று சைகை காட்டினான். ஒரு பாட்டு, நான்கு நிமிடம். லைன் கட்டாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். ஜெலிபாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"வீட்டுக்காரர் என்ன சொன்னார்?"

"'என் பொண்டாட்டிக்குத் தெரியாத சட்டமே கெடையாது, போய் எங்க வேணும்னாலும் சொல்லிக்கோ'ன்னாரு. அந்தம்மா அவ்வளவு பெரிய ஆளா இருந்தா நான் என்னம்மா செய்வேன்?"

"பெரிய ஆளெல்லாம் இல்ல. எழுதிக்கங்க. நாய்க்குத் தடுப்பூசி போட்ட அட்டையைக் கேளுங்க. பத்து நாள் கட்டிப் போட்டுக் கவனிக்கச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிச் சீட்டு, காலோட போட்டோ, கிழிஞ்ச பேன்ட், எல்லாம் பத்திரமா இருக்கட்டும். போலீஸ்ல நாய் யாருதுன்னு கேப்பாங்க. ஜெலிபா நியிரோங்கோன்னு சொல்லுங்க."



"அது உங்க பேரு இல்லையாம்மா?"

"ஆமாங்கய்யா. எங்க நாய்தான். மன்னிச்சுக்கங்க. இனிமே இந்த விஷயத்துல நான் உங்களுக்கு யோசனை சொல்லக் கூடாது, நான் எதிர்த் தரப்பு. எங்க மையத்துல வேற ஆள் இருக்காங்க, போய்ப் பாருங்க."

அதற்குப் பிறகு வந்த போன்கள் ஒன்றிலும் சட்டச் சந்தேகமே இல்லை. வீட்டுக்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

ஜெலிபா வீட்டுக்குப் போனபோது வீட்டுக்காரர் நாற்காலியில் சுருங்கி உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்குக் கீழே சியானி.

"தெம்வா அம்மா," என்று பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான் லசாலோ. "பேரை ஊருக்கே சொல்லணுமா?"

"நீங்கதான எங்க வேணும்னாலும் போய்ச் சொல்லுன்னு அனுப்பினீங்க. அவரு என்கிட்டயே வந்து சொல்லிட்டாரு. தடுப்பூசி அட்டை எங்க?"

அட்டை அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது. கெடு முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

"நாலு மாசந்தான," என்று ஆரம்பித்த லசாலோ, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நாயை மாமரத்தில் கட்டப் போனான்.

அடுத்த ஊசிக்கு அவனே சைக்கிளில் யோபெயை ஏற்றிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரி பெஞ்சில் இரண்டு மணி நேரக் காத்திருப்பு. முதல் மணி நேரம் இருவரும் எதிர்ச் சுவரையே பார்த்தார்கள். இரண்டாவதில் கால்பந்து பற்றிச் சண்டை போட்டார்கள். அதற்குப் பிறகு யோபெ அவனை 'சியானி அப்பா' என்றே கூப்பிட ஆரம்பித்தார்.

ஜெலிபா யோபெயிடம் ஒப்பந்தத் தாள் எழுதிக்கொண்டு போனாள். வைத்தியச் செலவு, புது பேன்ட், வேலைக்குப் போகாத நாட்களின் கூலி எல்லாம் அதில் இருந்தன. யோபெ இரண்டு தடவை படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"ஏதாவது விட்டுப்போச்சாங்கய்யா?"

"எல்லாம் சரியா இருக்கும்மா. ஆனா போன மாசம் லாரி மோதின ஆளுக்கு ரேடியோல நீங்க சொன்னீங்களே, வைத்தியம் முடியாம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்கன்னு."

ஜெலிபா தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எரிச்சலாக இருந்தது. வீட்டுக்கு நடக்கும் வழியில் அதுவே கொஞ்சம் பெருமையாகவும் மாறியது.

சியானி பத்து நாளும் நன்றாகத் தின்று, நன்றாகக் குரைத்து, தனக்கு ஒரு நோயும் இல்லையென்று நிரூபித்தது. கால்நடை மருத்துவர் வந்து அதற்கும் ஊசி போட்டார். கடைசி ஊசி முடிந்த மறுநாள் யோபெ போலீஸ் நிலையத்தில் அந்த ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார். போடுமுன் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: மீட்டர் பார்க்கும் நாளில் நாயைக் கட்டிய பிறகே 'வாங்க' என்று சொல்ல வேண்டும்.

அதற்கடுத்த புதன்கிழமைத் தலைப்பு, சோளக்கொல்லையில் மேய்ந்த ஆடுகள். மைக்குக்கு முன் உட்காருவதற்கு முன்னால் ஜெலிபா வீட்டுக்குப் போன் செய்தாள்.

"நம்மகிட்ட ஆடு எதுவும் இல்லையே?"

லசாலோ கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லை என்றான்.