கேசட்டின் முதல் ஐந்து விநாடி

பழைய கணினிகளைப் பற்றி ஒரு பாட்காஸ்ட் தொடங்கச் சொன்னது என் தங்கை மகள்தான். எனக்கு அப்படியொரு யோசனை சொப்பனத்தில்கூட வந்திருக்காது. நான் ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்க்கிறவன். அலுவலகம் அலுவலகமாகப் போய், சிக்கிக்கொண்ட காகிதத்தை உருவிவிட்டு, கரிக்கையோடு வீடு திரும்புவேன். வந்தால் பின் அறையில் என் ஆறு கிழட்டுக் கணினிகள். கீபோர்டும் கணினியும் ஒரே பெட்டியாக இருக்கும். டிவியில் மாட்டி ஓட்ட வேண்டும். தூசி படாமல் தலையணை உறை போட்டு வைத்திருக்கிறேன். என் மனைவி அந்த அறைக்கு வைத்த பெயர் முதியோர் இல்லம்.

"சாப்பிட உக்காந்தா எங்க காதை அறுக்கறீங்கல்ல மாமா, அதையே மைக் முன்னாடி அறுங்க," என்றாள் மருமகள். "கேக்கறவன் தலையெழுத்து, கேக்கட்டும். மைக் நான் வாங்கித் தரேன். முதல் எபிசோடுக்கு கேள்வி கேக்கறதும் நான்தான்."

எனக்கு வாயெல்லாம் பல். என் பேச்சைக் கேட்க ஒரு ஆள் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு வாரம் கண்ணாடி முன்னால் நின்று வணக்கம் சொல்லிப் பழகினேன். ஐம்பத்தைந்து வயதில் செய்கிற வேலையா என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் மருமகள் மைக்கோடு வந்தாள். கூடவே ஒரு செருப்புப் பெட்டி. திறந்தால் நாற்பத்தொரு கேசட்டுகள், ஒவ்வொன்றிலும் என் தங்கையின் குண்டுக் குண்டான கையெழுத்து.

"அப்பா குடுத்தாரு. இதுல அம்மா பேசுவாங்களாமே? உங்களுக்குத்தான் போடத் தெரியும்னாரு."

பாட்காஸ்ட் எல்லாம் சாக்கு. பெண் தன் அம்மாவின் குரலைக் கேட்க வந்திருக்கிறாள்.

அவளுக்குப் பதினொரு மாதம் ஆகியிருந்தபோது என் தங்கைக்குத் தொண்டையில் புற்றுநோய். உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். எடுத்தார்கள். அதன்பிறகு இருபத்தொரு வருஷம் நோட்டும் பேனாவுமாக இருந்து, போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். குரல் இருந்த காலத்தில் எங்கள் யாரிடமும் அதைப் பதிந்து வைக்கிற போன் கிடையாது. கல்யாண வீடியோ ஒன்று இருக்கிறது. அதிலும் வீடியோக்காரர் முதலிலிருந்து கடைசி வரை பாட்டாகப் போட்டு ரொப்பிவிட்டார். தங்கை சிரிக்கிறாள், வாயசைக்கிறாள், வருவதென்னவோ நாதஸ்வரம். பெற்ற பெண் தாயின் குரலைக் கேட்டதே இல்லை.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் மைக் வயரைச் சரிசெய்தேன். ஜன்னலைச் சாத்தினேன். மின்விசிறி இரைகிறது என்று அணைத்தேன். கோழை என்றால் என்னைப் போல ஒரு கோழை கிடையாது.

மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. "சொல்லுங்க மாமா, அந்தக் காலத்துல புரோகிராமை எதுல சேமிச்சு வச்சீங்க?"

"கேசட்லதான். பாட்டு கேக்கற அதே கேசட். கணினி புரோகிராமைக் கீச்சுக் கீச்சுன்னு ஒரு சத்தமா மாத்தி அனுப்பும், டேப் ரெக்கார்டர்ல பதிஞ்சுக்கணும். ஒரு கேசட்டுல பத்துப் பதினஞ்சு இருக்கும். எது எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது. அதனால..." மைக்கைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். "அதனால பதியறதுக்கு முன்னாடி மைக்குல பேரைச் சொல்லுவோம். எங்க வீட்டுல சொல்றவ உங்கம்மா."

"என்ன சொல்லுவாங்க?"

"கேசட் நம்பர், விளையாட்டுப் பேரு. அப்புறம் எனக்கு ஒரு கொட்டு. 'மூணு. பாம்பு. அண்ணன் தொடக்கூடாது.' எல்லாத்துக்கும் கடைசில அது உண்டு. பதினாலு வயசுல அவ்வளவு வாய்."

மருமகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு மிச்சமிருந்த தைரியமும் போனது. அவள் பெட்டியில் தேடி மூன்றாம் நம்பரை எடுத்து, கணினி பக்கத்திலிருந்த என் டேப் ரெக்கார்டரில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

எடுத்த எடுப்பில் கீச்சென்று சத்தம். பேச்சு இல்லை.

நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். கேசட்டை வெளியே எடுத்து, சுண்டுவிரலைப் பல்சக்கரத்தில் விட்டு, இன்னும் இரண்டு சுற்று பின்னால் சுற்றிப் பார்த்தாள். மறுபடி போட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்தாள். கீச்.

அந்தச் சுண்டுவிரலை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நினைவு வந்ததும் உட்கார முடியவில்லை.

"இருக்காதும்மா," என்றேன். "நான் அழிச்சுட்டேன்."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கேசட்டுகளில் பூஞ்சை பிடித்தது. தங்கையின் பிறந்தநாளுக்குள் புதுசுபோல ஆக்கித் தரலாம் என்று கிளம்பினேன். ஒவ்வொன்றாகப் புதுக் கணினியில் ஏற்றினேன். எங்களைப் போன்ற பைத்தியங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புரோகிராமைத் தவிர மற்றதெல்லாம் குப்பை. இரைச்சல், சொடக்கு, பேச்சு, எது வந்தாலும் வெட்டிவிட்டு, சத்தம் தொடங்கும் இடத்தில் கத்திபோல் தொடங்க வேண்டும். நாற்பத்தொன்றையும் அப்படியே வெட்டினேன். அந்தக் குரலை நாற்பத்தொரு கேசட்டிலும் கேட்டுக் கேட்டுத்தான் வெட்டினேன். பிறகு நாடாக்களைக் காந்தம் வைத்துத் துடைத்து, சுத்தமான பதிவை அதே கேசட்டுகளில் திரும்ப ஏற்றினேன். இடத்தை அடைக்கிறது என்று வெட்டாத பதிவுகளையும் கணினியிலிருந்து அழித்தேன். வேலை அவ்வளவு சுத்தம்.

எல்லாவற்றையும் சொன்னேன். பூசி மெழுகவில்லை.

அவள் கத்தவில்லை. "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"பிறந்தநாளன்னிக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன். உடனே ஒண்ணை எடுத்துப் போட்டா. கீச்சுன்னுச்சு. நிறுத்தினா. வெளிய எடுத்து... நீ இப்ப சுத்தின மாதிரியே, சுண்டுவிரலை விட்டுச் சுத்தினா. திரும்பப் போட்டுக் காதை வச்சா. நான் பக்கத்துல நின்னு, 'பாத்தியா, ஒரு இரைச்சல் இருக்கா பாரு'ன்னு பெருமை பீத்திக்கிட்டு இருந்தேன்."

"அம்மா என்ன பண்ணாங்க?"

"நோட்டுல எழுதிக் காமிச்சா. 'ரொம்ப நல்லா இருக்கு அண்ணா.'"

ஒன்பது வருஷமாக அந்த வரியை நான் பாராட்டு என்று வைத்திருந்தேன். அவள் தன் குரலைத் தேடியிருக்கிறாள். அது இருந்த ஒரே இடத்தில் தேடியிருக்கிறாள். இல்லை என்று தெரிந்ததும், அண்ணன் மனம் நோகக் கூடாதென்று எழுதிக் கொடுத்துவிட்டு, சமையலறைக்குப் போய் எனக்குக் காபி போட்டாள். நானும் குடித்தேன்.

பெட்டியின் மூடியில் ஒரு சொட்டு விழுந்தது. மருமகள் அதைத் துப்பட்டாவால் ஒற்றினாள். மைக்கை அணைக்கப் போனேன்.

"இருக்கட்டும்," என்றாள். கேசட்டைத் தொடக்கத்துக்கு ஓட்டி, பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டாள். "நீங்க சொல்லுங்க மாமா. அம்மா எப்படிச் சொல்லுவாங்களோ அப்படியே. நீங்க சொன்னதும் நான் போடறேன்."

"என் குரல்லயா?"

"வேற யாருக்குத் தெரியும்?"

மைக்குக்குக் கிட்டே போனேன். கண்ணாடி முன்னால் பழகிய வணக்கம் எதற்கும் உதவவில்லை.

"மூணு," என்றேன். "பாம்பு."

அவள் காத்திருந்தாள்.

"அண்ணன் தொடக்கூடாது."

அவள் பட்டனை அழுத்தினாள்.