தலைமாட்டில் நிற்கும் வேலை

கிருஷ்ணகுமாரி நோர்வேத் தலைநகரின் புருசெத் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதி. பகல் வேலை, நிரந்தர நியமனம், வீட்டிலிருந்து நடந்தே போகலாம். 2005 மார்ச்சில் அங்கிருந்த அருளானந்தன் ஐயா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மறதி நோயில் அவருக்கு நோர்வேஜிய மொழி முழுக்கப் போய்விட்டிருந்தது. அதனால் சத்திரசிகிச்சை அறைவரை கிருஷ்ணகுமாரியையும் கூட அனுப்பினார்கள்.

டொக்டர் இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். தலைமாட்டில் பச்சை உடுப்போடு ஒரு பெண் மட்டும் நின்றாள்.

"அவருடன் பேசிக்கொண்டே இரு," என்றாள்.

ஐயா தான் கரப்பந்து விளையாடிய காலத்தைச் சொல்லத் தொடங்கினார். நடுவில் பேச்சுக் குழறியது, முகம் வெளுத்தது. திரையில் இரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கியது. அந்தப் பெண் பதறாமல் ஒரு மருந்தை ஏற்றினாள், சேலைன் வேகத்தைக் கூட்டினாள், ஐயாவின் கன்னத்தைத் தொட்டபடி திரையைப் பார்த்து நின்றாள். இரண்டு நிமிடத்தில் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"நீங்களும் டொக்டரா?" என்று கிருஷ்ணகுமாரி பிறகு கேட்டாள்.

"இல்லை, உன்னைப் போலத் தாதிதான். மேலே ஒன்றரை வருடம் மயக்க மருந்துப் படிப்பு."

அடுத்த வாரமே அவள் கல்லூரிக்குப் போய் விசாரித்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் முழுநேரம் வேலை செய்திருக்க வேண்டுமாம். முதியோர் இல்லத்து மூன்று வருடம் கணக்கில் வராது. ஆஸ்பத்திரியிலோ ஆறு மாதத் தற்காலிக வேலைதான் காலியாக இருந்தது.

பஸ் ஓட்டும் அவள் கணவன் இந்திரகுமாருக்கு அது பிடிக்கவில்லை.

"நிரந்தர வேலையை விட்டிட்டு ஆறு மாத வேலைக்குப் போகப்போறீரோ? மயக்க மருந்து குடுக்கிறது டொக்டர்மாரின்ரை வேலையெல்லோ?"

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். கண்ணாலை பார்த்தாப் பிறகு இஞ்சை இருக்க மனம் வரேல்லை."

"முப்பத்தாறு வயசிலையோ?"

"படிக்காட்டிலும் நாப்பது வரத்தானே போகுது."

இரண்டு நாள் கழித்து, தங்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்ப வசதியாகத் தன் காலை பஸ் வேலையை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டு வந்தான்.

அவள் போய்ச் சேர்ந்த சத்திரசிகிச்சை வார்டில் முதல் மாதங்கள் கடினமாகவே போயின. நரம்பில் ஊசி ஏற்றத் தெரியாமல், இருபத்துநாலு வயதுத் தாதி ஒருத்தியைக் கூப்பிட வேண்டியிருந்தது. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்று பார்த்தாள். தற்காலிக வேலையை மூன்று தடவை நீட்டித்தார்கள். 2007இல் மயக்க மருந்துப் படிப்புக்கு விண்ணப்பித்தபோது காத்திருப்போர் பட்டியலோடு நின்றுபோனாள். அன்று மட்டும் வழியில் ட்வெய்ட்டா ரயில் நிலையத்தில் இறங்கி, கடைத்தொகுதியில் தனியே ஒரு கோப்பி குடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வருடம் இடம் கிடைத்தது. வகுப்பில் அவள்தான் மூத்தவள்.

பயிற்சியின் முதல் நாள், மயங்கிய நோயாளியின் தாடையைத் தூக்கி, முகமூடியை இறுக்கிப் பிடித்துக் காற்றுக் கொடுக்கச் சொன்னார்கள். முதலில் காற்று பக்கவாட்டில் கசிந்தது. விரல்களை மாற்றி வைத்தாள். நெஞ்சு மெல்ல உயர்ந்து தாழ்ந்தது.

முகமூடியை இறுக்கிப் பிடித்த விரல்கள் நோவெடுத்ததால், அன்று பின்னேரம் வெங்காயம் வெட்டக்கூட அவளுக்குக் கை வரவில்லை. இந்திரகுமார் கத்தியை வாங்கிக்கொண்டான்.

"போய் இரும். கறியை நான் வைக்கிறன்."