புள்ளி தட்டிய குழாய்கள்

ஆஸ்பத்திரி முற்றத்தில் வெல்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். எதிரே சிமெண்ட் மேடையில் வரிசையாகப் பன்னிரண்டு குழிகள். பக்கத்தில், பெயிண்ட் அடித்து வந்த பன்னிரண்டு இரும்புக் குழாய்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். சரியான வரிசையில் நட்டு, ஒரு கம்பியால் இடமிருந்து வலமாகத் தட்டிக்கொண்டே நடந்தால் பாட்டு வரும். சிகிச்சைக்கு வரும் குழந்தைகளுக்காக ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டது. மெட்டுப் போட்டவள் அவன் மனைவி. அவளோ இப்போது எதிர்க் கட்டடத்தில் பிரசவ அறைக்குள் இருந்தாள்.

"பிள்ளை பொறந்ததும் அது காதுல விழுற முதல் பாட்டு இதுவாத்தான் இருக்கணும். நீங்க வரிசையா நட்டு வச்சிருங்க, போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருந்தாள்.

போதுமாம்! எந்தக் குழாய் எத்தனையாவது இடமோ, அத்தனை புள்ளிகளை அதன் அடியில் தட்டி வைத்தவன் அவன்தான். இப்போது பார்த்தால் இரண்டு புள்ளிக் குழாய்கள் நான்கு இருந்தன. ஏழு புள்ளியில் இரண்டு. பன்னிரண்டு புள்ளி ஒன்றில்கூட இல்லை. காதால் கேட்டுச் சரிசெய்யலாம் என்றால், சுருதிக்கும் அவனுக்கும் காத தூரம்.

"ஏன் மாப்பிள்ளை, உங்களுக்கு எண்ணவே தெரியாதா?" என்றார் மாமனார். அவர் ஒத்தாசைக்கு வந்தவர். ஒத்தாசையில் பாதி வாயால்தான்.

"தெரியும் மாமா. அன்னைக்கு அது ரெண்டாவது இடத்துலதான் இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் தன் தப்பு அவனுக்கே உறைத்தது. நீளமான குழாயில் ஆரம்பித்து, தினமும் அதைவிடக் குட்டையாக ஒன்றை வெட்டச் சொல்வாள் மனைவி. ஏற்கெனவே கிடப்பவற்றுக்கு நடுவே அங்கும் இங்கும் வைத்துத் தட்டிப் பார்த்து, "இங்கதான்" என்பாள். அவனும் உடனே புள்ளி தட்டிவிடுவான். மறுநாள் இன்னொன்று நடுவில் நுழையும். அதற்கு வலப்பக்கம் உள்ளதெல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும். புள்ளி மட்டும் தள்ளிப்போகாது. இது அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவே இல்லை.

"அவ செஞ்ச மாதிரியே நெட்டையிலேர்ந்து செய்வோம்" என்றான்.

நெட்டையை முதல் குழியில் இறக்கினார்கள். அடுத்ததற்கும் ஒரே புள்ளி. நெட்டையைப் பிடுங்கி இரண்டாம் குழிக்கு மாற்றினார்கள். அதற்கடுத்ததற்கு இரண்டு புள்ளி. நெட்டை மூன்றாம் குழிக்குப் போனது. ஒவ்வொன்றும் ஆளை அமுக்கும் கனம். ஐந்தாவது குழாய் வருவதற்குள் மாமனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இப்படியே போனா என்னையும் உள்ள சேர்த்துருவாங்க. நான் எந்தப் பிள்ளையப் பெத்துக் குடுக்கிறது?"

வெல்டர் சிரிக்கவில்லை. இருப்பதிலேயே குட்டைக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். இதுதான் கடைசியாக வந்தது. இதற்குப் பிறகு யாரும் வரவில்லை. இதைத் தள்ளவும் ஆளில்லை. அப்படியானால் இதன் ஏழு புள்ளி பொய் சொல்லாது. தூக்கி ஏழாம் குழியில் வைத்தான்.

அதற்கு முந்தியதும் ஏழு புள்ளிதான். ஆனால் அது வந்த நாளில் இந்தக் குட்டை பிறக்கவே இல்லையே! குட்டை நிற்கும் குழியை இல்லாததாக நினைத்து, மற்றக் குழிகளை மட்டும் எண்ணினான். ஏழாவதாக வந்தது எட்டாம் குழி.

"மாமா! நெட்டைங்க எல்லாத்தையும் உருவுங்க. குட்டையிலேர்ந்து வருவோம். நட்டதை விட்டுட்டு காலிக் குழியை மட்டும் எண்ணுங்க. ஒருதரம் நட்டா நட்டதுதான், திரும்பத் தொடவே வேண்டாம்."

அதற்குப் பிறகு வேலை பறந்தது. நான்கு இரண்டு புள்ளிக்காரர்களும் சண்டையில்லாமல் ஆளுக்கொரு குழியில் போய் நின்றார்கள். "ஒண்ணு, ரெண்டு... இவன் இருக்கான், இவனை விடு... மூணு!" என்று மாமனார் ஏலம் போடுவதுபோல் கத்தினார். இடுப்புவலி போன இடம் தெரியவில்லை.

இரண்டு குழாய்கள் மீதியிருக்கும்போது எதிர்க் கட்டடத்தின் கீழ்த்தள ஜன்னலைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"பொண்ணு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ஜன்னலோரக் கட்டில்தான், இதோ கூட்டிட்டு வர்றோம்."

மாமனார் அங்கேயே குதித்தார். வெல்டர் அவசரமாக, மீதி இரண்டில் குட்டையான ஒரு புள்ளிக் குழாயை முதல் குழியில் இறக்கினான். மிஞ்சிய நெட்டைக்கும் ஒரே புள்ளி. மிஞ்சியதும் ஒரே குழி, ஒன்பதாவது. அதில் நெட்டையை இறக்கிவிட்டுக் கம்பியை எடுத்தான்.

தட்டிக்கொண்டே நடந்தான். பன்னிரண்டு ஓசைகள். சரியா தப்பா, அவனுக்குத் தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்தான். அவள் தலையணையில் சாய்ந்து, குழந்தையை அணைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சரியா இருக்கா?"

"ஒண்ணுகூட மாறல. என்ன பாட்டுன்னு தெரியுதா?"

தெரியவில்லை என்று தலையாட்டினான்.

"நீங்க வேலை செய்யறப்ப முணுமுணுப்பீங்களே, அதுதாங்க. அஞ்சு வருஷமா கேக்கிறேன். சுருதியை மட்டும்தான் நான் நேராக்கினேன்."

தான் பாடுவதை யாரும் காதில் வாங்குவதாகவே அவன் நினைத்ததில்லை.

"இன்னொருதரம் தட்டுங்க. உங்க பொண்ணு அழுகையை நிறுத்திட்டு கேக்கிறா."

கண்ணைத் துடைக்கக்கூட நிற்காமல், அவன் முதல் குழாய்க்குத் திரும்பி ஓடினான்.