அரை நிமிடத்துக்கு ஒரு படம்

அக்கா அந்த லேப்டாப்பைத் துணிப்பையில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது மதியம் இரண்டு மணி. தங்கையின் பழுதுபார்க்கும் கடை ஒரு தையல் கடைக்கும் பூட்டிக் கிடந்த ஒரு கிளினிக்குக்கும் நடுவில் இருந்தது. கிளினிக்கைத் தேடி வருகிறவர்கள் வழி தவறி இவளிடம் வந்து இருமிக் காட்டுவார்கள். அதனால் தெருவில் அவளுக்கு ‘டாக்டர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

“டாக்டர், இதைக் கொஞ்சம் பாருங்க,” என்றாள் அக்கா. “ஆன் பண்ணிட்டுக் குளிச்சிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்கு.”

“எட்டு வருஷ மெஷின். புதுசு வாங்கிடேன்.”

“மாமா இதுவே போதும்ங்கிறார்.”

அக்கா பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். வேலையெல்லாம் வீட்டில்தான். வியாழக்கிழமை மட்டும் பதிப்பகத்துக்குப் போய்த் தாள்களைக் கொடுத்துவிட்டு வருவாள்.

“அப்போ எஸ்எஸ்டின்னு வேகமான புது டிஸ்க் ஒண்ணு போட்டுடலாம். பழைய டிஸ்க்ல இருக்கிறதை அப்படியே புதுசுக்கு மாத்திக் கொடுத்துடறேன். பறக்கும் பாரு.”

“அவர்கிட்ட சொல்லல. நீயும் சொல்லிக்காத.” மூன்று மணிக்குள் வீட்டில் இருக்கவேண்டும் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினாள்.

தங்கை லேப்டாப்பை ஆன் செய்து, கடையின் வைஃபையில் இணைத்து, அது சுற்றி முடிக்கும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கால்மணி நேரம் போயிருக்கும். போன் அடித்தது. அக்காவின் கணவர்.

“மாமா பேசறேம்மா. கடையில வேலை ஜாஸ்தியா?”

“அப்படியெல்லாம் இல்ல மாமா. சொல்லுங்க.”

“சும்மாதான். புதுக் கண்ணாடி உனக்கு நல்லா பொருந்தியிருக்கு.”

அன்று காலை கடைக்கு வரும் வழியில்தான் அந்தக் கண்ணாடியை வாங்கியிருந்தாள். சொந்தக்காரர்களில் அக்காவைத் தவிர யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை.

“அக்கா சொன்னாளா மாமா?”

“அவ எங்க சொல்றா? எதையுமே சொல்றதில்ல.” மெல்லச் சிரித்தார். குடும்பத்தில் யாரும் அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை. அதற்காகவே எல்லோரும் அவரை மெச்சுவார்கள். “லேப்டாப் வாங்க அவளை அலைய விடாத. நாளைக்கு அஞ்சு மணிக்கு நானே வரேன்.”

போனை வைத்தபோதுதான் திரையின் மேல்விளிம்பில் மிளகளவு இருந்த கேமரா அவள் கண்ணில் பட்டது. சட்டென்று மூடத்தான் கை போனது. அடக்கிக்கொண்டு, வரவழைத்த கொட்டாவி ஒன்றை விட்டு, எப்போதும் அணைப்பதுபோல அணைத்தாள். பிறகு அடிப்பக்கத்தைக் கழற்றி, பழைய டிஸ்க்கை வெளியே எடுத்துத் தன் கணினியில் சொருகினாள்.

டிஸ்க் கழுத்துவரை நிரம்பியிருந்தது. அக்காவின் வேலைக் கோப்புகள் அதில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. மீதி எல்லாம் பிரிண்டரின் பெயர் சூட்டி மறைத்து வைத்த ஒரு ஃபோல்டரில் இருந்தது. உள்ளே நாள்வாரியாகப் படங்கள். அரை நிமிடத்துக்கு ஒரு முறை திரையைப் பிடித்த படம் ஒன்று, கேமரா பிடித்த படம் ஒன்று. நான்கு வருடங்கள்.

அக்கா பென்சிலைக் கடிக்கிறாள். அக்கா பின்னால் திரும்பிப் பார்க்கிறாள். அக்கா அழுது முடித்து முந்தானையால் முகம் துடைக்கிறாள். அடுத்த படத்தில் மறுபடி தட்டச்சு செய்கிறாள். கடைசி ஃபோல்டரில், புதுக் கண்ணாடியும் கடித்த நகமுமாகத் தங்கையின் முகம்.

லேப்டாப் மெதுவானதற்கு வயது மட்டும் காரணமில்லை. ஓயாமல் வேவு பார்த்தே அது களைத்துப் போயிருந்தது.

அக்காவின் போனையும் நம்ப முடியவில்லை. அதனால் தங்கை அவளைக் கூப்பிடவில்லை. மறுநாள் வியாழக்கிழமை. காலையிலேயே கடையைப் பூட்டிவிட்டுப் பதிப்பகத்தின் மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். அக்கா தாள்கட்டோடு ஏறி வந்ததும், போனை வாங்கி வாசலில் இருந்த காவலாளியிடம் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள்.

அக்கா சுவரில் சாய்ந்தாள். “எத்தனை நாளா?”

“நாலு வருஷம்.”

“அப்போ எனக்குப் பைத்தியம் இல்ல.” வெகுநேரம் தாள்கட்டின் நூலைத் திருகிக்கொண்டிருந்தாள். “வேற ஊர்ல ஒரு வேலைக்கு விண்ணப்பம் எழுதி, அனுப்பாம அழிச்சேன். அன்னிக்குச் சாப்பிடறப்போ அதுல இருந்த ஒரு வரியை அப்படியே சொன்னார். நான்தான் தூக்கத்துல உளறியிருப்பேன்னு நினைச்சேன்.”

“என்கூட வந்துடு. இன்னிக்கே.”

“உன் வீடு அவருக்குத் தெரியாதா?” அக்காவின் குரல் தாழ்ந்தது. “அந்த வேலை இன்னும் காலியாதான் இருக்காம். இங்க இருக்கிற மேடம் மூலமா கேட்டிருக்கேன். ஒன்பது நாள் வேணும்.”

“சரி, அந்தச் சனியனை இன்னிக்கே எடுத்துடறேன்.”

“எடுக்காத. நின்னுச்சுன்னா அவருக்குத் தெரிஞ்சிடும். அப்படியே புதுசுல போட்டுடு.”

தங்கை அப்படியே செய்தாள். அவள் கைப்பட எத்தனையோ மெஷின்கள் உயிர் பெற்றிருக்கின்றன. ஆனால் இம்முறை நகலெடுப்பு நூறு விழுக்காட்டைத் தொட்டபோது அவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இனி அந்தக் கண் முன்னைவிட வேகமாகப் பார்க்கும்.

ஐந்து மணிக்கு மாமா வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. ஸ்டூலைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்து, லேப்டாப்பை ஆன் செய்தார். பத்து நொடியில் திரை வந்தது.

“பரவாயில்லையே. உள்ள இருந்ததெல்லாம் இருக்கா?”

“எல்லாம் அப்படியே இருக்கு மாமா. எதையும் தொடல.”

“திறந்து பார்த்தியா?”

“பார்க்க எங்க நேரம்? இந்த வாரம் வந்த பதினாலு மெஷின் அப்படியே கிடக்கு.”

அவர் அவளையே பார்த்தார். பக்கத்துக் கடையில் தையல் மெஷின் ஓடி நின்றது.

“பழைய டிஸ்க்கைக் கொடு.”

அவள் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். எப்போதோ வேறு யாருடைய லேப்டாப்பிலிருந்தோ கழற்றிய, செத்துப்போன டிஸ்க். “நகலெடுத்து முடிக்கவும் கடகடன்னு சத்தம் போட்டுட்டு நின்னுபோச்சு மாமா. நல்ல வேளை.”

மாமா அதைக் காதருகே வைத்து ஒரு முறை குலுக்கினார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வாசற்படியில் நின்று, திரும்பாமலே சொன்னார்: “உங்க அக்கா வெகுளி. யார் என்ன சொன்னாலும் நம்பிடுவா. அதான் நான் பார்த்துக்க வேண்டியிருக்கு.”

அவர் போன பிறகும் தங்கை நெடுநேரம் ஸ்டூலைத் தொடவில்லை.

அந்த ஒன்பது நாளும் அக்கா கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத் திருத்தினாள். நடுவில், அவர் பார்க்கட்டும் என்றே, இணையத்தில் அவர் அளவுக்குச் சட்டைகள் தேடினாள். ஒரு நாள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்தபோதுகூட, மாடியிலிருந்து இறங்கி வந்த அவர் “கழுத்து அரிக்குதா?” என்று அக்கறையாகக் கேட்டாராம். பத்தாம் நாள் சனிக்கிழமை. அவசரத் திருத்தம் என்று பதிப்பகத்திலிருந்து அழைத்தார்கள். தாள்கட்டோடு போனவள், போனை அங்கே மேடத்தின் மேசையில் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியேறி பஸ் ஏறினாள்.

உண்மையான டிஸ்க் வக்கீல் ஒருவரிடம் போனது. அவர் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மேற்கொண்டு பார்க்க முடியாமல் மூடி வைத்தார். வழக்குப் பதிவானது. அக்காவை நெருங்கக்கூடாது என்று மாமாவுக்கு உத்தரவும் வந்தது. அக்கா இப்போது வேறு ஊரில், வேறு பதிப்பகத்தில் வேலை பார்க்கிறாள். விடுதி அறையில் யாரோ கதவைத் தட்டினால் இன்னமும் எழுதுவதை நிறுத்திவிடுகிறாள். ஆனால் வாய்விட்டுச் சிரிக்கவும் தொடங்கிவிட்டதாக அறைத்தோழி சொல்கிறாள்.

உத்தரவில் தங்கையின் கடை இல்லை. எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தில் மாமா தினமும் மாலை வந்து நிற்கிறார். கையில் குடை, கலையாத சட்டை. எந்த பஸ்ஸிலும் ஏறுவதில்லை. போலீஸ் ஸ்டேஷனில் சொன்னதற்கு, “பொது இடத்துல நிக்கிறது குத்தமாம்மா?” என்று கேட்டார்கள்.

நேற்று அவர் நிறுத்தத்திலிருந்து இறங்கி, சாலையின் நடுத்திட்டுவரை வந்து நின்றார்.