நாக்கில் வைக்காத சோப்பு

அந்தக் கொட்டகைக்குள் கால் வைத்ததும் முதலில் மூக்கு செத்துப்போகும். கடை கடையாகப் பொரித்துத் தீர்த்த எண்ணெய் பீப்பாய் பீப்பாயாக வந்து இறங்குகிற இடம் அது. மேலே மிதப்பது கருகிய தூள், செத்த ஈ, யாருடையதோ தலைமுடி. அடியில் படிந்திருப்பது என்னவென்று கேட்காமலிருப்பதே நல்லது. இதில் தோலை அரிக்கும் காரத்தைப் போட்டுக் காய்ச்சித்தான் தரை கழுவும் சோப்புக்கூழ் செய்கிறார்கள். எறும்பு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சுவரோரம் போய் வாந்தியெடுத்தாள்.

எறும்பு என்பது மாஸ்டர் வைத்த பெயர். தன்னைவிடப் பெரிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலைகிறாளாம். எடை போடுவது அவள் வேலை, காய்ச்சுவது மாஸ்டர். காய்ச்சி முடித்ததும் அவர் சுண்டுவிரலால் கூழைத் தொட்டு நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். காரம் மிஞ்சியிருந்தால் சுரீரென்று இழுக்கும். இழுக்காவிட்டால் "ம், ஏத்து" என்பார். அந்த நாக்கு வெளியே வரும்போதெல்லாம் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

அன்று காலை, இருவரும் தங்கியிருந்த அறையில், அக்காவால் எறும்புக்குத் தலை பின்ன முடியவில்லை. விரலிடுக்கெல்லாம் வெந்துபோய் வெள்ளையாக உரிந்து தொங்கியது. அக்கா ஒரு ஆறுமாடி ஆபீஸில் தரை துடைக்கிறாள்.

"என்னக்கா இது?"

"உங்க சோப்புதான். முந்தாநாள் புது டிரம் உடைச்சோம். கையுறையில ஒரு ஓட்டை, அவ்வளவுதான். என்னத்தடி போட்டுக் காய்ச்சுறீங்க?"

"நான் எடை மட்டும்தான்க்கா போடறேன்."

"சரி, நீ எடை மட்டும் போடு. நான் தோல மட்டும் உரிச்சுக்கறேன்."

வழி முழுக்க அந்தப் பேச்சு முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது. கொட்டகைக்கு வந்ததும் நேரே சுவரில் ஒட்டியிருந்த தாளின் முன்னால் போய் நின்றாள். எண்ணெய் நூறு கிலோ, காரம் முந்நூற்று நாற்பது மோல். அதன் பக்கத்தில் மாஸ்டர் சாக்பீஸால் எழுதியது: பத்தொன்பது கிலோ. மூலையில் சாக்குகள். எப்போதும் வருவது காஸ்டிக் பொட்டாஷ். அது கிடைக்கவில்லையென்று பத்து நாளாக வருவது காஸ்டிக் சோடா.

ஒரு அட்டையைக் கிழித்துக் கணக்குப் போட்டாள். மோல் என்பது டஜன் மாதிரி, துணுக்குகளை எண்ணும் ஒரு கணக்கு; பொட்டாஷ் ஒரு மோல் ஐம்பத்தாறு கிராம். முந்நூற்று நாற்பதால் பெருக்கினால் பத்தொன்பது கிலோ, சரிதான். சோடா ஒரு மோல் நாற்பதே கிராம். பதின்மூன்று கிலோ அறுநூறு போதும். அவள் நிறுத்துக் கொடுத்ததோ அதே பத்தொன்பது. பத்தொன்பதாயிரம் கிராமை நாற்பதால் வகுத்தால் நானூற்று எழுபத்தைந்து மோல். நூற்று முப்பத்தைந்து மோல் காரம், சேர எண்ணெய் கிடைக்காமல், அக்கா கையைத் தின்றிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடத்தில் அவளுக்கு நல்ல மார்க். சோடா சாக்கு வந்த முதல் நாளே அதிலிருந்த எழுத்தைப் படித்துமிருந்தாள். வேலைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, நமக்கேன் வம்பு என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பீப்பாய் நாற்றத்தைவிடத் தன்மேல்தான் இப்போது அதிகமாகக் குமட்டியது.

வெளியே வேனில் டிரம் ஏறிக்கொண்டிருந்தது. நேற்றுக் காய்ச்சிய நூறு கிலோ எண்ணெயின் கூழ். முதலில் இறங்கும் இடம் அக்காவின் ஆபீஸ்.

"மாஸ்டர், நிறுத்துங்க. சாக்கு மாறிடுச்சு. எடையும் மாறணும்."

"காரம் காரம்தான். பொட்டாஷ் என்ன, சோடா என்ன? போய் மூடியத் திருகு."

"எண்ணெய் கிலோவப் பாத்துச் சேராது மாஸ்டர். எத்தனை துணுக்குன்னு எண்ணிக்கையத்தான் பாக்கும்."

டிரைவர் சிரித்தார். "மாவாட்டம் இருக்கறத எப்படிம்மா எண்ணுவ?"

"அண்ணே, உங்க வேன் ஒரு டன் தாங்கும்னு வைங்க. நல்லா குண்டானவங்கள ஏத்துனா எத்தனை பேர்?"

"பத்துப் பேர் ஏறுவான்."

"ஒல்லிப்பிச்சானா ஏத்துனா?"

"இருபது."

"சீட்டு பத்துதான் இருக்கு."

"அப்ப மீதிப் பத்துப் பேரும் நின்னுக்கிட்டு அடிச்சுக்குவான்."

"அந்த அடிதடிதான் எங்க அக்கா கையில நடந்திருக்கு."

டிரைவரின் சிரிப்பு நின்றுவிட்டது. மாஸ்டர் முகத்தைச் சுளித்தார். "வாசனைத் தைலம் இன்னும் ரெண்டு மூடி ஊத்து. எவனுக்குத் தெரியும்? கெட்டியா இருந்தா தண்ணி விடு."

"சரி. நாக்குல வைங்க."

"என்னது?"

"நாக்குல வச்சுப் பாத்துட்டு ஏத்துங்க. பத்து நாளா நீங்க வைக்கறதே இல்ல."

"பல்லு வலி."

அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது அவள் பார்த்துவிட்டாள். நாக்கு நுனியில் ஆறிக்கொண்டிருக்கும் வெள்ளைப் புண். பத்து நாளைக்கு முன்பே வைத்திருக்கிறார். சுட்டிருக்கிறது. அதோடு நாக்கை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு, கூழை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறார். அவள் காய்ச்சும் கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் பின்னால் நகர்ந்தார்.

டிரைவர் மேலே ஏற்றிய டிரம்மைக் கீழே உருட்டினார். "நீயே வாயில வைக்கமாட்டேங்கற. இத நான் கொண்டுபோனா என்னைத்தான் உரிப்பாங்க. இறக்குங்கப்பா."

எறும்பு அக்காவுக்குப் போன் போட்டாள். "அந்த டிரம்ம யாரும் தொடாதீங்க. தப்பு என்னோடதும்தான்."

"பாதி மாடி துடைச்சாச்சுடி, இப்ப வந்து சொல்ற" என்றாள் அக்கா. திட்டு அத்தோடு நிற்கவில்லை.

கூழைத் திரும்பக் கொப்பரையில் கொட்டினார்கள். மிஞ்சிய நூற்று முப்பத்தைந்து மோலுக்கு இன்னும் நாற்பது கிலோ எண்ணெய் வேண்டும். பீப்பாயில் கைவிட்டு மொண்டாள். முழங்கை வரை வழவழவென்று வழிந்தது. தலைமுடி ஒன்று விரலில் சுற்றிக்கொண்டது. பிடுங்கி எறிந்துவிட்டுத் தராசு முள்ளைப் பார்த்தாள். நாற்பது. மாஸ்டர் அடுப்பைக் கூட்டினார்.

வெந்து ஆறியதும் எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்தார். எறும்பு சுண்டுவிரலால் தொட்டுத் தன் நாக்கிலேயே வைத்தாள். ஊசிப்போன எண்ணெயும் சோப்பும் கலந்த சகிக்கமுடியாத ருசி. ஆனால் சுரீரென்று இழுக்கவில்லை.

மூன்று முறை காறித் துப்பினாள்.

"ஏத்துங்கண்ணே."